மை படாத முத்திரை

ஒரு சமுதாயம் நாகரிகத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அதன் அலுவலர்களுக்கு வண்ணத்துப்பூச்சியை மை படராமல் அச்சிடத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாலம், பள்ளிக்கூடம், குழாயில் தண்ணீர் இதெல்லாம் கீழ்ப்படிகள். எங்கள் நகரம் அந்தக் கீழ்ப்படிகளில் கால் வைக்காமலேயே நேராக உச்சிக்குத் தாவியது. அந்தத் தாவலை நேரில் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

கட்டட அனுமதி அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். போய்வரும் தூரம் என்பதே பொருத்தம். எங்கள் குடும்பம் பத்தொன்பது மாதமாகப் போய் வந்துகொண்டிருந்தது. காரணம் ஒரு கதவு.

என் அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டு மாலையில் அள்ளிக்கொண்டு போகும் பதினான்கு உருப்படிகள். ஒருநாள் தீப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும், இங்கே ஒன்றுதான் இருக்கிறது, பின்சுவரில் இன்னொன்று வையுங்கள் என்றார். நியாயம். வாசல் வைக்கச் சுவரை உடைக்க வேண்டும், சுவரை உடைக்கக் கட்டட அனுமதி வேண்டும். அதுவும் நியாயம். அக்கா முதலில் கதவை வாங்கினாள், பிறகு விண்ணப்பம் போட்டாள். அவளுடைய அனுபவமின்மை அங்கேதான் தெரிகிறது.

மூன்றடி அகலம், ஏழடி உயரம், பச்சைப் பெயின்ட். எந்த இடத்தில் அதை வைக்க வேண்டுமோ அதே இடத்தில் சுவரில் சாய்த்து வைத்தார்கள். திறந்தால் செங்கல். குழந்தைகள் அதன்மேல் தங்கள் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்தார்கள். பத்தொன்பது மாதத்தில் நான்கு பேருடைய கோடு கைப்பிடியைத் தாண்டிவிட்டது.

ஆய்வாளர் நல்லவர். மூன்று முறை தவணை கொடுத்தார். நான்காவது முறை எழுத்தில் கொடுத்தார்: முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பின்வாசலும் இருக்க வேண்டும், அதற்கான அனுமதித் தாளும் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காப்பகத்துக்குப் பூட்டு. அக்கா அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, பூட்டுறதுக்காவது கதவு வேணுமேன்னு கேட்டியா அவர்கிட்ட?" என்று என்னைக் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அன்று மத்தியானம் பதினான்கு பேரையும் தூங்கவைத்துவிட்டு அவர்களுடைய பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பெயர் எழுதிய துணிகளைத் தனித்தனியாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இனி அலுவலகத்தின் பெருமைக்கு வருகிறேன்.

அங்கே முகப்பில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எழுத்தர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் எல்லோரும் அவரை "நாளைக்கு" என்றுதான் அழைத்தார்கள். ஜன்னலில் அவர் பேசிக் கேட்ட ஒரே வார்த்தை அது. அவருக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், கண்காணிப்பாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே நாற்காலி. அனுமதி அவர் கையில்தான் இருந்தது. கையை விட்டு அது வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. எங்கள் நகரத்தில் கட்டடங்களே இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாக இருக்கின்றன. அவையெல்லாம் அனுமதிக்குக் காத்திருந்து, பொறுமை இழந்து, தாமாகவே முளைத்தவை.

இந்த அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பணியாளர் நல அலுவலர் வந்தார். சுறுசுறுப்பான அம்மையார். வந்த வாரமே ஆய்வு நடத்தி, ஊழியர்கள் கடும் "மன அழுத்தத்தில்" இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அழுத்தத்துக்குக் காரணம் பொதுமக்கள். ஆகவே புதன்கிழமைதோறும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஜன்னலை மூடிவிட்டு, ஊழியர்கள் மனதுக்கு இதமான ஒரு கலையைப் பயில வேண்டும் என்று உத்தரவு போட்டார். எந்தக் கலை என்பதில் சற்றே விவாதம் நடந்ததாம். பாட்டு என்றார்கள், தொண்டை வேண்டும். நீச்சல் என்றார்கள்; தண்ணீர் வேண்டும். ஊழியர்களிடம் ஏற்கெனவே எந்தத் திறமை இருக்கிறதோ அதை வளர்ப்பதுதான் சிக்கனம் என்று அம்மையார் முடிவு செய்தார். இப்படித்தான் பிறந்தது "ரப்பர் ஸ்டாம்ப் கைவினை வட்டம்". பூ, பறவை, மரம் செதுக்கிய அச்சுகளை மையில் தோய்த்து வாழ்த்து அட்டை செய்வது. உலகம் முழுவதும் இதற்கு ரசிகர்கள் உண்டு என்று அம்மையார் சொன்னார். அவர்களில் எவரும் எங்கள் கண்காணிப்பாளரின் மணிக்கட்டைப் பார்த்ததில்லை.

ஜன்னலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: கலை ஆர்வமுள்ள பொதுமக்களும் வட்டத்தில் சேரலாம். அதாவது, விண்ணப்பம் கொண்டுவந்தால் ஜன்னலுக்கு வெளியே. வண்ணத்துப்பூச்சி கொண்டுவந்தால் உள்ளே, நாற்காலி உண்டு. கல்லூரியில் எனக்குப் புதன்கிழமை மத்தியானம் புள்ளியியல் வகுப்பு. கலைக்காக எவ்வளவோ பேர் எதையெல்லாமோ தியாகம் செய்திருக்கிறார்கள். நான் புள்ளியியலைத் தியாகம் செய்தேன்.

முதல் புதன்கிழமை எனக்குக் கண்காணிப்பாளருக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. முழங்கைக்கு முழங்கை. பத்தொன்பது மாதத்தில் எங்கள் வம்சத்தில் யாரும் போகாத தூரம். நான் குரலைத் தாழ்த்தி, ஐயா, ஒரு கதவு விஷயமாக, என்று ஆரம்பித்தேன். அவர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார்.

"தம்பி, மொத விதி படிக்கலையா?"

சுவரில் இருந்தது. வட்டத்தின் முதல் விதி: அலுவலகப் பேச்சு கூடாது. மீறுகிறவர் அன்றைக்கு எல்லோருடைய அச்சுகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் முப்பத்தொரு அச்சுகள் கழுவினேன். கலையுலகில் என் அறிமுகம் அப்படி.

ஆனால் கற்றுக்கொண்டேன், மறுக்க மாட்டேன். அச்சைக் கொண்டுபோய் மைத்திண்டில் குத்தக் கூடாது; திண்டை எடுத்து அச்சின்மேல் மெல்லத் தட்ட வேண்டும். தாளில் இறக்கும்போது ஆட்டக் கூடாது. முதல் பதிவைக் கழிவுத்தாளில் வைத்துவிட்டு, மிச்ச மையில் இரண்டாவது பதிவைத் தாளில் வைத்தால் நிறம் மென்மையாக விழும். ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ ஒளிந்திருப்பதுபோல் காட்ட, முதல் பூவை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு அதன்மேல் அடுத்ததை அச்சிட வேண்டும். இந்த மறைக்கும் நுட்பத்தில் கண்காணிப்பாளரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அவர் தாளில் ஒரு பூவுக்குப் பின்னால் எட்டுப் பூ இருந்தது. எட்டாவது பூ என்றைக்கு வெளியே வரும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அவரிடம் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்தது. கட்டைவிரல் தட்டையாகிவிட்ட மனிதர் அவர். மேசை இழுப்பறையைத் திறந்து தன் அலுவலக ஸ்டாம்புகளை ஒருநாள் எனக்குக் காட்டினார், கைவினைப் பொருள் என்ற முறையில். "திருப்பி அனுப்பப்படுகிறது" என்பதில் ரப்பர் தேய்ந்து "திரு" மட்டும் மிச்சம். "இணைப்புகள் சரியில்லை" என்பது வெறும் நீலத் தீற்றல். "பரிசீலனையில் உள்ளது" மூன்றாவது பிரதி. முன்னிரண்டும் கட்டையோடு தேய்ந்துபோயினவாம்.

விதியை மதித்து, நான் வாய் திறக்காமல் என் வழக்கை நடத்தினேன். அழிரப்பரை வாங்கி, பிளேடால் கதவு செதுக்கினேன். பச்சை மையில் அச்சிட்டேன். கண்காணிப்பாளர் எடுத்துப் பார்த்தார்.

"கதவு நல்லா வந்திருக்கு. ஆனா சும்மா நிக்குதே? சுவர் எங்க?"

"அதுதாங்க ஐயா பிரச்சினை," என்றேன்.

"இதுல என்ன பிரச்சினை. செதுக்கிப் போடு."

அடுத்த வாரம் சுவர் செதுக்கினேன். அதற்கடுத்த வாரம் "வார்த்தையில்லாமல் ஒரு வாழ்த்து" என்பது சவால். ஒவ்வொரு புதனும் அம்மையார் ஒரு சவால் அறிவிப்பார், எல்லோரும் அதற்கேற்பச் செய்துகாட்ட வேண்டும். நான் கதவு முன்னால் பதினான்கு குழந்தைகளை நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். டைப்பிஸ்ட் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைங்க முகத்துல என்ன ஏக்கம் பாருங்க என்றார். "நாளைக்கு" கூட எழுந்து வந்து பார்த்து, இதுக்கு பிரேம் போடணும் என்றார். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. கண்காணிப்பாளர் நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லவா, கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கய்யா."

"பதினாலு ஜாஸ்தி. ஒம்பது போதும். நெரிசலா இருக்கு."

இப்படியாக நான்கு புதன்கிழமைகள் கலைக்கு அர்ப்பணமாயின. ஐந்தாவது புதன்கிழமை, தேதி இருபத்தெட்டு. வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் நடுவில். அன்று காலை அக்கா கொத்தனாருக்குப் போன் செய்து, வியாழக்கிழமையைக் காலியாக வைத்திருங்கள் என்று சொன்னாள். அவர், போன வருஷமும் இதே வியாழக்கிழமையைத்தானே சொன்னீங்க தங்கச்சி, என்றாராம்.

அன்றைய சவாலுக்கு அம்மையார் முந்தைய வாரமே தலைப்பு கொடுத்திருந்தார். கைவினை ரசிகர்கள் உலகில் அது மிகவும் பிரபலமான சவாலாம். ஆசையாக அச்சுகளை வாங்கிக் குவிக்கிறோம், ஆனால் சிலவற்றை ஒருநாளும் தொடுவதில்லை. பெட்டிக்குள்ளேயே கிடக்கும் அந்த அச்சுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதாவது, இதுவரை ஒருமுறைகூட மை படாத ஸ்டாம்பைக் கொண்டுவர வேண்டும்.

டைப்பிஸ்ட் அக்கா ஒரு மயில் கொண்டுவந்தார், வாங்கி ஆறு மாதம் ஆனது. "நாளைக்கு" தேதி போடும் ஸ்டாம்ப் கொண்டுவந்தார். நான் புதிதாக ஒரு தாழ்ப்பாள் செதுக்கியிருந்தேன். கடைசியாகக் கண்காணிப்பாளர், கொஞ்சம் வெட்கத்துடன், சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உறை மஞ்சளாகிப்போயிருந்தது. வாய் இன்னும் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே கருப்புக் கைப்பிடி. ரப்பர், பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இளஞ்சிவப்பு.

அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைகீழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார்.

"அ... னு... ம... திக்கப்பட்டது."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"சீட்டுக்கு வந்த அன்னிக்கு அஞ்சு ஸ்டாம்பு ஒரு செட்டாக் குடுத்தாங்க," என்றார் கண்காணிப்பாளர். "நாலு ஓடிச்சு. இதுக்கு வேலையே வரல." பிறகு யாரும் கேட்காமலேயே விளக்கினார். திருப்பி அனுப்பியதால் எந்த அலுவலருக்கும் இதுவரை தீங்கு வந்ததில்லை. அனுமதி கொடுத்து, நாளைக்கு அந்தச் சுவரில் ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தாலும் கீழே கையெழுத்து யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். அம்மையார் குறுக்கிட்டு, அலுவலகப் பேச்சு, அலுவலகப் பேச்சு, என்று விரலை ஆட்டினார். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போட்டியே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் மை படாத அச்சு உலகத்திலேயே வேறு எங்கும் இருக்க வாய்ப்பில்லை என்று அம்மையார் அறிவித்தார். இந்த அபூர்வத்துக்கு மெல்லிய தாள் ஆகாது, கெட்டித்தாள் வேண்டும், மை ஈரமாக இருக்கும்போதே பொன்தூள் தூவி, சூடான காற்றுக் காட்டி எழுத்தை மேடாக எழுப்ப வேண்டும். அட்டைக் கட்டைப் பார்த்தார்கள். தீர்ந்துபோயிருந்தது.

"உள்ள நிலுவை அலமாரில கெட்டித்தாள் நெறைய கெடக்கு," என்றார் கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து. "வரைபடம் போட்ட தாளு. நல்ல கனம். ஒண்ணு உருவிட்டு வா தம்பி."

வாழ்க்கையில் சில வாக்கியங்கள் ஒருமுறைதான் காதில் விழும். நான் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே போனேன். நான்கு அலமாரிகள். ஊரின் கட்டப்படாத அடுக்களைகள், வைக்கப்படாத ஜன்னல்கள், ஏறாத மாடிப்படிகள் எல்லாம் சணல் கட்டி அடுக்கியிருந்தன. பத்தொன்பது மாதம் கணக்குப் போட்டு, மூன்றாவது அலமாரியின் நடுத்தட்டில் கை வைத்தேன். தேநீர்க் குவளை வட்டம் பதிந்த ஒரு கட்டு. அதற்குக் கீழே, அக்காவின் கையெழுத்தில், மூன்றடிக்கு ஏழடி.

திரும்பி வந்து தாளை அவர் முன்னால், எழுத்துப் பக்கம் மேலே தெரிய வைத்தேன். என் முகத்தில் கலை ஆர்வத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

"பின்னாடி வெறுமையா இருக்குமே," என்று அவர் தாளைத் திருப்பப் போனார்.

காப்பாற்றியவர் அம்மையார். வெற்றுத் தாளில் அச்சு மிதக்கும், பின்னணியில் கோடுகள் இருந்தால்தான் ஆழம் கிடைக்கும், வரைபடப் பக்கத்திலேயே வையுங்கள் என்றார். அழகியலுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படிக்கவில்லை. விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே ஸ்டாம்ப் வைக்கும் பயிற்சி ஒரே நாளில் வருவதல்ல. இடம் மட்டும் தேடினார். கீழே வலது மூலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "அலுவலக உபயோகத்திற்கு மட்டும்" என்று அதன் தலையில் அச்சிட்டிருந்தது.

"இந்தக் கட்டத்துல வச்சா அளவெடுத்த மாதிரி உக்காரும்போல," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றேன். "அதுக்குன்னே விட்ட மாதிரி இருக்கு."

உறையைப் பிரித்தார். திண்டை எடுத்து அச்சின்மேல் தட்டினார். கையைத் தாளுக்கு மேலே கொண்டுவந்தார். அங்கேயே நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு நூறு முறை ஸ்டாம்ப் குத்திய கை, தாளுக்கு ஓரங்குலம் மேலே, இறங்க மறுத்தது. நெற்றியில் வியர்வை. டைப்பிஸ்ட் அக்கா அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பயப்படாதீங்க. நேரா இறக்குங்க. மூச்சை விடுங்க. ஒண்ணும் ஆகாது."

இறக்கினார். ஐந்து எண்ணும்வரை அழுத்தினார். எடுத்தார்.

ஓர் எழுத்துகூடப் படரவில்லை. பொன்தூளைத் தூவி, தட்டி, காற்றுக் காட்டியதும் எழுத்துகள் தாளிலிருந்து எழுந்து நின்றன. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார். "இவ்ளோ சுலபமா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

வட்டத்தின் இரண்டாம் விதி: ஒவ்வொரு படைப்பிலும் கலைஞரின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். போட்டார். "நாளைக்கு" தான் கொண்டுவந்த புத்தம்புதிய தேதி ஸ்டாம்பைப் பெருந்தன்மையோடு கொடுத்து உதவினார். இருபத்தெட்டு. அவர் கை பட்டு "இன்றைக்கு" என்று ஒன்று நடந்தது வரலாற்றில் அதுவே முதல்முறை. ஓரத்தில் காலி இடம் உறுத்துகிறது என்று கண்காணிப்பாளர் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியும் வைத்தார்.

மூன்றாம் விதி, பரிமாற்றம். வட்டம் கலையும் முன்னால் ஒவ்வொருவரும் தன் படைப்பைப் பக்கத்தில் இருப்பவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும். நான் என் தாழ்ப்பாளைப் பணிவோடு நீட்டினேன். அவர் தன் தாளை எடுத்தார். எடுக்கும்போதுதான் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். வரைபடத்தில் பின்சுவரைப் பார்த்தார், அதில் மூன்றடிக்கு ஏழடி வெட்டு. பிறகு என் தாழ்ப்பாளை. பிறகு சுவரில் ஒட்டியிருந்த என் கதவுகளை ஒவ்வொன்றாக. பதினான்கு குழந்தைகளிடம் வந்ததும் கண் நின்றது. ஒன்று, இரண்டு என்று உதடு எண்ணியது.

"தம்பி," என்றார். "இது அந்த விண்ணப்..."

"ஐயா," என்று அம்மையார் சுவரைக் காட்டினார். "மொத விதி."

அவர் வாயை மூடிக்கொண்டார். முப்பத்தைந்து அச்சுகளும் பழைய பல்துலக்கியும் மேசையில் தயாராக இருந்தன. நான் தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்த முனையை விடவில்லை. சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பத்தாறு. நான்கு அடித்தால் வட்டம் கலைந்து இது மறுபடியும் அலுவலகமாகிவிடும்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் எழுத்துகளை இன்னொரு முறை பார்த்தார். விரல் தளர்ந்தது.

"மடிச்சுடாத," என்றார். "பொன்னு உதிர்ந்துடும்."

நான் மடிக்கவில்லை. இரண்டு கையிலும் தட்டு ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வீடு வரை ஓடினேன். அக்கா கதவைத் திறந்து, தாளைப் பார்த்து, வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து, நீயா செஞ்ச இதை என்று கேட்டாள். கலைஞர் வேறொருவர் என்றேன். அவள் அந்த மேடான எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள், கண் தெரியாதவர்கள் படிப்பதுபோல. பிறகு கொத்தனாருக்குப் போன் செய்தாள். அவர் நம்பவில்லை. தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகும், பூச்சியெல்லாம் போட்டிருக்கே, கல்யாணப் பத்திரிகையா என்றுதான் கேட்டார். ஆனால் வியாழக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார். மத்தியானம் சுவரில் வெளிச்சம் வந்தது. பதினான்கு பேரும் வரிசையாக நின்று, தாங்கள் பிறந்ததிலிருந்து அறியாத ஒரு கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தார்கள். மாலைக்குள் பச்சைக் கதவு நிமிர்ந்து நின்றது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாளை அசைத்தார். திருப்தி. தாளைக் கேட்டார். அக்கா கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், நகத்தால் சுரண்டினார். முகம் இறுகியது.

"இது போலி மாதிரி இருக்கேம்மா."

அக்கா ஏன் என்று கேட்டாள். பதினேழு வருஷ சேவையில் அந்த அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு ஸ்டாம்ப் வந்து தான் பார்த்ததே இல்லை என்றார். குற்றஞ்சாட்டும் தொனியில் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரியாவது இருந்தால் பரவாயில்லை, ஊரிலேயே இன்னொன்று கிடையாது. பையைத் திறந்தார். உள்ளே பூட்டு இருந்தது, சாவியோடு, புதியது. குழந்தைகளில் ஒன்று அதை வாங்கி விளையாடக் கை நீட்டியது. அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஆய்வாளர் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார், சாட்சிக்காக. தாளின் எண்ணைச் சொன்னார். இது நீங்கள் வைத்ததுதானா என்று கேட்டார்.

மறுமுனையில் கண்காணிப்பாளருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. இல்லை என்றால், கையெழுத்து எப்படி வந்தது. ஆமாம் என்றால், அனுமதி கொடுத்தவர் என்ற பழி ஆயுளுக்கும் போகாது. அலுவலக நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. பிறகு ஒரு கேள்வி வந்தது.

"எழுத்து எப்படி இருக்கு? எங்கயாவது படர்ந்திருக்கா?"

ஆய்வாளர் குழம்பிப்போய்த் தாளைப் பார்த்தார். "இல்லீங்க. ரொம்பச் சுத்தமா இருக்கு."

"விளிம்பு?"

"கத்தி மாதிரி இருக்கு."

"அப்ப என்னோடதுதான்," என்றார் கண்காணிப்பாளர்.

ஆய்வாளர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அலுவலகத்தின் பெருமை முழுமை பெற்றிருக்காது. ஒரு கலை வட்டத்தின் வெற்றியை மறைக்க முடியாது. அடுத்த புதன்கிழமை அலுவலக வாசலில் இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோர் கையிலும் அழிரப்பர். ஒருவர் ஜன்னல் செதுக்கியிருந்தார், ஒருவர் மாடிப்படி, ஒருவர் முழு வீட்டையே தண்ணீர்த் தொட்டியோடு செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். கலை ஆர்வம் இவ்வளவு வேகமாகப் பரவியதைக் கண்டு மேலிடம் அதிர்ந்துபோனது. மாலைக்குள் வட்டம் கலைக்கப்பட்டது. அம்மையார் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே பின்னல் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்வி. கண்காணிப்பாளர்மேல் விசாரணை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அவரே காப்பகத்துக்கு வந்தார். அக்கா பயந்துபோய் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. முன்வாசலில் நுழைந்து, தூங்கும் குழந்தைகளை மிதிக்காமல் கால் தூக்கி வைத்து நடந்து, பச்சைக் கதவைத் திறந்து பின்பக்கம் வெளியே போனார். சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்வாசலுக்கு வந்தார். இன்னொரு முறை அப்படியே போனார். அவர் கண்ணால் பார்த்த முதல் அனுமதி அதுதான்.

பிறகு என் பக்கத்தில் வந்து குந்தினார். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அந்த ஸ்டாம்பைப் பறிமுதல் செய்துவிட்டார்களாம்.

"மையைக்கூடத் துடைக்காம அதே உறையில போட்டு ஒட்டிட்டாங்க தம்பி. ரப்பர் வீணாப் போயிடும். சொன்னாக் கேக்க ஆளில்ல."

விசாரணை என்ன ஆகும் என்று கேட்டேன். ஏழு நாளில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், நீ படிச்ச பையன், ஒரு கை உதவி செய் என்று சட்டைப்பையிலிருந்து குற்றச்சாட்டுத் தாளை எடுத்து நீட்டினார். நான் விரித்தேன். மேலே அவர் பெயர், பதவி, இருபத்திரண்டு ஆண்டுக் களங்கமற்ற சேவை. கீழே ஒரே ஒரு வரி. அக்காவும் கேட்கட்டும் என்று வாய்விட்டுப் படித்தேன்:

"அன்னார், பணி நேரத்தில், அலுவலக முத்திரையை, அது எந்தக் காரியத்துக்காக வாங்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கே பயன்படுத்தியிருக்கிறார்."